நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்

கேள்வி:

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஹார்பருக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். போன வருஷம் லாரியிலிருந்து இறங்கும்போது தவறி விழுந்து தலையில் அடிபட்டு, 11 நாள் நினைவில்லாமல் அரசு மருத்துவமனையில் கிடந்தார். ஆபரேஷன் செய்தார்கள். நான் 3 நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். பிழைத்துவிட்டார். இடது கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. சபையில் சாட்சி சொன்னேன், எல்லாரும் அழுதார்கள். அன்றிலிருந்து "உங்க உபவாசம்தான்க்கா அவரைக் காப்பாத்துச்சு" என்று சொல்லி, ஜெபிக்கச் சொல்லி வீடு தேடி வருகிறார்கள். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சாட்சியில் "டாக்டர்ங்க கைவிட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் உண்மையில் சொன்னது "இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாதும்மா, பார்க்கலாம்" என்றுதான். அதே வார்டில் இருந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவியும் எங்கள் சபைதான். என் சாட்சிக்குப் பிறகு அவர் ஆராதனைக்கு வரவில்லை. என் மாமியார் கோயிலுக்குப் போகிறவர். "நானும்தான் அம்மனை வேண்டிக்கிட்டேன், டாக்டரும் ராப்பகலா பாத்தாரு, எல்லாத்தையும் உன் சாமிக்கே குடுத்துட்டியே" என்கிறார். இப்போது ஒரு பெரிய கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். வீடியோ எடுப்பார்களாம். "ஆபரேஷனைப் பத்தி ரொம்பச் சொல்ல வேண்டாம், கையும் சரியாகிடுச்சுன்னு விசுவாசமா சொல்லுங்க" என்கிறார்கள். தேவனுக்கே மகிமை போகிற மாதிரி சாட்சி சொல்வது எப்படி? இல்லை, இனிமேல் சொல்லாமலே இருந்துவிடட்டுமா?

— ஒரு சகோதரி, தண்டையார்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லாமல் இருக்க வேண்டாம். "அவர் என் ஆத்துமாவுக்குச் செய்ததைச் சொல்லுவேன்" என்று 66-ஆம் சங்கீதக்காரர் ஊரைக் கூப்பிட்டுச் சொல்கிறார். நன்மை பெற்றவர் அதை வாய்விட்டுச் சொல்வது நல்லது, தேவையும்கூட. உங்கள் வீட்டில் நடந்தது சின்ன விஷயம் இல்லை. 11 நாள் கண் திறக்காத மனிதர் இன்றைக்கு உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அதற்காக நானும் ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன்.

உங்களை உறுத்துகிற அந்த வாக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். "டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள்." போதகராக நான் வடசென்னையில் எத்தனையோ சபைகளில் இதைக் கேட்டிருக்கிறேன். தகரக் கூரை போட்ட சபையிலும் கேட்டிருக்கிறேன், நூறு வருஷத்துக் கல் கட்டட ஆலயத்திலும் கேட்டிருக்கிறேன். நம் சாட்சிகளுக்கு ஒரு தடம் விழுந்திருக்கிறது: டாக்டர்கள் கைவிட்டார்கள், எல்லாக் கதவும் அடைபட்டது, அந்த நேரத்தில் ஆண்டவர் இறங்கினார். மைக்கைக் கையில் வாங்கியதும் நாக்கு தானாக அந்தத் தடத்தில் ஓடிவிடுகிறது. நீங்கள் பொய் சொல்லத் திட்டம் போட்டு வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது நடக்காத ஒன்று. அதைச் சரிசெய்ய வேண்டும்.

யோபுவின் நண்பர்கள் தேவனுக்காக வாதாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேசினார்கள். அவர்களிடம் யோபு கேட்கிறார்: "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" இந்தக் கேள்வியைச் சாட்சி சொல்லும் ஒவ்வொருவரும் மேடை ஏறுவதற்கு முன்னால் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டவர் செய்தது பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னால், அவர் செய்தது அப்படியே இருந்தால் போதாது என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிறது. யோசுவா புத்தகத்தில், எடுக்கக் கூடாது என்று விலக்கப்பட்ட பொருளைத் திருடிய ஆகான் மாட்டிக்கொண்ட நேரத்தில் யோசுவா அவனிடம், கர்த்தருக்கு மகிமையைச் செலுத்து என்கிறான். அதே மூச்சில், நீ செய்ததை மறைக்காமல் எனக்குச் சொல் என்கிறான். அந்த இடத்தில் கர்த்தருக்கு மகிமையாக அவனிடம் கேட்கப்பட்டது, நடந்ததை உள்ளபடி சொல்வதுதான். நீங்கள் என்னிடம் கேட்ட "எப்படி" என்பதற்கு என் பதிலும் அதுவே. கடைசியில் "எல்லா மகிமையும் ஆண்டவருக்கே" என்று சேர்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அதற்கு முன்னால் சொன்னது உண்மையாக இல்லாவிட்டால், அந்த ஒரு வரி எதையும் ஈடுகட்டாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டாக்டர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, "ஒன்றும் சொல்ல முடியாதும்மா, பார்க்கலாம்" என்று, அது உங்கள் மேடை வாக்கியத்தைவிட எவ்வளவோ கனமானது. கைவிட்டுவிட்டார்கள் என்றால் ஒரு முடிவு தெரிந்துவிடுகிறது. ஒன்றும் சொல்ல முடியாது என்றால் விடிகிற ஒவ்வொரு நாளும் தெரியாது. ஐசியு வாசலில் பாய் விரித்துப் படுத்து, உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டாலே நெஞ்சு அடைத்து, அப்படி 11 நாள். ஆஸ்பத்திரிகளுக்கு ஜெபிக்கப் போகும்போது அந்த வாசல்களில் உட்கார்ந்திருக்கிறவர்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தெரியாத நாட்களில் உங்களை யார் தாங்கினார் என்று சொல்லுங்கள். இன்றைக்கும் அதே மாதிரி ஏதோ ஒரு வாசலில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கு அது போய்ச் சேரும்.

டாக்டர்களைச் சாட்சியில் சேர்த்தால் ஆண்டவரின் மகிமை குறைந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். மகிமை என்பது ரேஷன் அரிசி மாதிரி அளந்து பங்கு போடுகிற பொருள் இல்லை, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைய. பவுலோடு பயணம் செய்த லூக்காவை வேதமே "பிரியமான வைத்தியன்" என்று அறிமுகப்படுத்துகிறது. அந்த மருத்துவர் எழுதிய சுவிசேஷத்தைத்தான் நாம் சபையில் எழுந்து நின்று வாசிக்கிறோம். 108 வந்தது, ஸ்கேன் எடுத்தது, ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்தது, படுக்கைப்புண் வராமல் நர்ஸ்கள் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தது, சளி உறிஞ்சியது, யாரோ பெயர் தெரியாதவர் ரத்தம் கொடுத்தது என்று உங்கள் விஷயத்தில் எது எது நடந்ததோ அது எல்லாம் சாட்சிதான். உங்கள் சபையிலேயே அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்காமல் ஆராதனைக்கு வந்திருப்பார். "கைவிட்டுவிட்டார்கள்" என்பதை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, உங்கள் பாஸ்டரிடம் அடுத்த ஞாயிறு இரண்டு நிமிஷம் கேளுங்கள். "போன தடவை டாக்டர்கள் கைவிட்டதாகச் சொன்னேன், அது சரியில்லை, அவர்கள் கடைசி வரை பார்த்தார்கள், அவர்களுக்காகவும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்" என்று சொன்னால் போதும். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள். முதல் சாட்சியைவிட இந்த இரண்டு நிமிஷம் சபைக்கு அதிகம் செய்யும் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் உபவாசம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் பயம் இருக்கிற இடம் இதுதான். லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமையில் வரும் பரிசேயனை, அதாவது மதச் சட்டத்தைக் கறாராகக் கைக்கொள்கிறவனை, நாம் பெருமைக்காரன் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். அவன் ஜெபத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று அவனும் தேவனுக்குத்தான் நன்றி சொல்கிறான். மகிமையைத் தேவனுக்குக் கொடுக்கிற வார்த்தை அவன் வாயில் இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையைச் சுற்றி நிற்கிறது முழுக்க அவன்தான்: மற்றவர்களைப்போல நான் இல்லை, "வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்", தசமபாகம் கொடுக்கிறேன். கேட்டு முடித்தவர்களுக்குத் தேவனைப் பற்றிப் புதிதாக ஒன்றுமே தெரியவராது, அவனைப் பற்றித்தான் தெரியவரும். அதே உவமையில் வரும், வரி வசூலிக்கிற ஆயக்காரன் சொன்னது ஒரே வரி: தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும். அதைக் கேட்டால் தேவன் இரக்கமுள்ளவர் என்று தெரிகிறது.

நீங்கள் பரிசேயன் என்று நான் சொல்லவில்லை. புருஷன் நினைவில்லாமல் கிடக்கும்போது தொண்டையில் சோறு இறங்காமல் மண்டியிட்ட பெண் நீங்கள். ஆனால் அந்த உபவாசம் உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடந்தது. உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு, அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பார்த்துக்கொள்வார் என்று இயேசு சொன்னது இதற்காகத்தான். அதை மேடையில் வைத்தால் ஜனங்கள் உடனே கணக்குப் போடுகிறார்கள்: 3 நாள் உபவாசம், ஒரு உயிர். அடுத்த தடவை 3 நாள் உபவாசமிருந்தும் ஒருவர் பிழைக்கவில்லை என்றால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? அதனால் இனிமேல் சொல்லும்போது உபவாசத்தை விட்டுவிடுங்கள். "சபையார் ஜெபித்தார்கள், நானும் ஜெபித்தேன்" என்பதே நிறைவாக இருக்கும்.

பாராட்டைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதற்காக உங்களை அடித்துக்கொள்ள வேண்டாம். வருஷக்கணக்காக யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெண்ணைத் தெருவே "அக்கா அக்கா" என்று தேடி வந்தால் மனசு குளிரத்தான் செய்யும். அந்தச் சந்தோஷத்தையும் ஆண்டவரிடமே சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரியாததா? தேவாலய வாசலில் பிறவிச் சப்பாணி எழுந்து நடந்தபோது கூட்டம் பேதுருவையும் யோவானையும் சுற்றிக்கொண்டது. எங்கள் சுயசக்தியினாலோ சுயபக்தியினாலோ இவனை நடக்கவைத்தோம் என்று ஏன் எங்களைப் பார்க்கிறீர்கள் என்றார் பேதுரு. சக்தி என்னுடையது இல்லை என்று சொல்ல நமக்கு எளிதாக வருகிறது. பக்தியும் காரணமில்லை என்று சொல்வதுதான் கஷ்டம். பேதுரு இரண்டையும் சேர்த்தே சொன்னார், அந்த நிமிஷமே இயேசுவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

வீடு தேடி வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உட்காரவைத்து டீ கொடுத்து அவர்கள் கஷ்டத்தைக் கேளுங்கள். சேர்ந்து ஜெபியுங்கள், அவர்களையும் வாய்விட்டு ஜெபிக்கச் சொல்லுங்கள். "என் ஜெபம்னு தனியா ஒண்ணும் இல்லம்மா, எனக்கு எவ்ளோ உரிமையோ உனக்கும் அவ்ளோ உரிமை அவர்கிட்ட" என்று சொல்லுங்கள். யாராவது காணிக்கை என்று கையில் பணம் வைத்தால் வாங்காதீர்கள், நூறு ரூபாயாக இருந்தாலும் சரி. "நான் ஒன்றுமே இல்லை, வெறும் தூசி" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்லவும் வேண்டாம். அதைக் கேட்கிறவர்கள் அப்போதும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இனி, அதே வார்டில் கணவரை இழந்த அந்தச் சகோதரி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அவர்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனை தெரு முங்கியது என்று உங்களுக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. மீனவர்களின் படகும் வலையும் நாசமாயின. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் "எங்கள் வீட்டு வாசப்படி வரைக்கும் தண்ணீர் வந்தது, உள்ளே வரவில்லை, கர்த்தர் காத்தார்" என்று சாட்சி சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு அது உண்மையான நன்றிதான். ஆனால் அதே கூட்டத்தில் பீரோ, மெத்தை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போனவரும் உட்கார்ந்திருந்தார். அவரைக் கர்த்தர் காக்கவில்லையா? அந்தக் கேள்வி அவர் முகத்தில் தெரிந்தது. சாட்சி சொன்னவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது யோவானின் சகோதரன் யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். சில வசனம் தள்ளி, பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து வெளியே கூட்டிவருகிறான். ஒரே சபை, ஒரே ராஜா, ஒரே அதிகாரம். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று வேதம் சொல்லவில்லை. ஏன் இப்படி என்று காரணமும் சொல்லவில்லை. விடுதலையான பேதுரு மரியாளின் வீட்டுக்கு வந்து, கையமர்த்தி, கர்த்தர் தன்னை வெளியே கொண்டுவந்த விதத்தைச் சொல்லிவிட்டு வேறொரு இடத்துக்குப் போய்விடுகிறார். அந்த வீட்டில் யாக்கோபுக்காக அழுதவர்களும் இருந்திருப்பார்கள். அங்கே பேதுரு தன் ஜெபத்தைப் பற்றியோ தன் தைரியத்தைப் பற்றியோ பேசியதாக ஒரு வரியும் இல்லை. சிறையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்றுதான் எழுதியிருக்கிறது.

நீங்கள் அந்தச் சகோதரியைப் போய்ப் பாருங்கள், இந்த வாரமே. சாட்சியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், வசனமும் வேண்டாம். அவர் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச விடுங்கள். வார்டில் அவர்கள் இருவரும் பட்ட கஷ்டத்தை நேரில் பார்த்தவர் நீங்கள். சபையில் வேறு யாருக்கும் அது தெரியாது. அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். "ஏன் எங்க வீட்ல அப்படி, உங்க வீட்ல இப்படின்னு எனக்குத் தெரியலக்கா" என்று சொல்வதற்குப் பயப்பட வேண்டாம், அது அவிசுவாசம் ஆகாது. "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்பட்டு, அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12 சொல்கிறது. உங்களோடு சபை சந்தோஷப்பட்டுவிட்டது. அவரோடு அழ யாராவது போனார்களா? சபையில் யாராவது அவரிடம் "விசுவாசமா இருந்திருந்தா பிழைச்சிருப்பாரு" என்று சொன்னால், தயவுசெய்து நீங்களே முன்னால் நின்று அதை மறுத்துப் பேசுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். இனிச் சாட்சி சொல்லும்போது அவர் வீட்டு விஷயத்தை, பெயர் சொல்லாமல்கூட, இழுக்க வேண்டாம்.

மாமியாரிடம் வருகிறேன். கதரேனர் நாட்டில் பிசாசின் பிடியிலிருந்து விடுதலையான மனிதன் இயேசுவோடு வருகிறேன் என்று கேட்டான். அவரோ, "உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போய்" கர்த்தர் இரங்கிச் செய்ததை அறிவி என்று அனுப்பிவிட்டார். வீட்டில் சாட்சி சொல்வது மேடையைவிடக் கடினம். நடந்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியும், கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் மாமியார் சொன்னதைக் கொஞ்சம் யோசியுங்கள். டாக்டரும் ராப்பகலாகப் பார்த்தார் என்று சொன்னாரே, அந்த ஒரு விஷயத்தில் உங்கள் சாட்சியைவிட அவர் பேச்சு உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

விழுந்தது அவர் பெற்ற பிள்ளை. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது அவராகத்தான் இருக்கும். "அத்தை, நீங்க இல்லன்னா அந்த நாளையெல்லாம் என்னால தாண்டியிருக்க முடியாது" என்று அவர் எதிரில் சொல்லுங்கள், சபையிலும் சொல்லுங்கள். யார் வேண்டுதல் பலித்தது என்று அவரோடு போட்டி போட வேண்டாம். உங்கள் நம்பிக்கையை மறைக்கவும் வேண்டாம். "நான் என் ஆண்டவரைத்தான் நம்பினேன், அவர்தான் தாங்கினார்" என்று சாந்தமாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். இயேசு பார்வை கொடுத்த பிறவிக்குருடன், மற்றவர்கள் எவ்வளவு கேட்டாலும் தனக்குத் தெரிந்ததைத் தாண்டிப் போகவில்லை: நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்.

பெரிய கூட்டத்தைப் பற்றி என் கருத்து: இப்போது போக வேண்டாம். ஆபரேஷனைக் குறைத்துச் சொல், சரியாகாத கையைச் சரியாகிவிட்டதாகச் சொல் என்று கேட்கிற இடத்தில் உங்கள் சாட்சி உங்கள் கையில் இருக்காது. பவுல் மூன்றாம் வானம் வரை எடுத்துக்கொள்ளப்பட்ட அனுபவத்தைப் பற்றி எழுதும்போது 14 வருஷம் கடந்திருந்தது. அதையும் "ஒரு மனுஷனை அறிவேன்" என்று யாரோ ஒருவரைப் போலச் சொன்னார். தன்னிடம் காண்கிறதற்கும் கேட்கிறதற்கும் மேலாக ஒருவரும் தன்னை எண்ணிவிடக் கூடாது என்பது அவர் கவலை. அதே இடத்தில்தான் தன் மாம்சத்தில் நீங்காமல் இருந்த முள்ளை, அதாவது ஒரு வேதனையைப் பற்றியும் சொல்கிறார். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதவும் அவர் வெட்கப்படவில்லை. உங்கள் வீட்டுக்காரரின் இடது கை ஆண்டவருக்கு அவமானம் இல்லை. அதை மறைக்காமல் சொல்ல முடிகிற மேடை கிடைத்தால் அப்போது பார்க்கலாம்.

வீடியோ என்றால் இன்னும் கவனம். அடிபட்டது அவர் உடம்பு. அவர் சம்மதம் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு தடவை போனில் சுற்ற ஆரம்பித்துவிட்டால் லாரி ஓனரும் பார்ப்பார், பிள்ளைகளோடு படிக்கிறவர்களும் பார்ப்பார்கள். திரும்ப வாங்க முடியாது. இனி எங்கே சாட்சி சொல்வதாக இருந்தாலும் ஒரு தாளில் எழுதி, முதலில் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்கிற இடத்தை அடித்துவிடுங்கள். அழைத்தவர்களிடம் "இப்போதைக்கு வரலைங்க, எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று மரியாதையாகச் சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். தலையில் அடிபட்டு ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலிப்பு வராமல் இருக்க டாக்டர்கள் மாத்திரை கொடுப்பது உண்டு. சாட்சி சொல்லிவிட்டோம், இனி மாத்திரை எடுத்தால் அவிசுவாசம் என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் கொடுத்திருந்தால் டாக்டர் சொல்கிற வரை நிறுத்த வேண்டாம். கைக்கு பிசியோதெரபி எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது முடிந்தால் அந்த வார்டுக்கும் ஒரு எட்டு போய், அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களிடம் அவரை நிறுத்திக் காட்டிவிட்டு வாருங்கள்.